காற்றுப்பைக்குக் கீழே ஒரு தாய்மாமன்

ஒரு காட்டில், தார்ரோடு முடிந்து போன் டவர் ஆரம்பிக்கிற இடத்தில், சீராளன் என்கிற முள்ளம்பன்றியும் அவன் பெண்டாட்டி பவளமும் வீட்டு வண்டி ஒன்றில் குடியிருந்தார்கள். வளை தோண்டி வாழ்வதெல்லாம் பழங்காலம் என்று ஆசையாக வாங்கிய வண்டி. உள்ளேயே அடுப்பு, கட்டில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. சக்கரத்துக்கு மேலே ரப்பர் காற்றுப்பைகள். கம்ப்ரசர் காற்றடிக்கும், பைகள் உப்பும், பள்ளத்தில் இறங்கினாலும் சாம்பார் தளும்பாது.

ஒருநாள் காலையில் பவளம் அடுப்பில் வைத்த தோசைக்கல் தானாக நகர்ந்து, வாசல்படி இறங்கி, வெளியே போனது.

"ஏங்க! வண்டி ஒரு பக்கமா படுத்துருச்சு!"

இடது பக்கப் பின்பையில் பொட்டுக் காற்று இல்லை. அன்றைக்குப் பார்த்தா இப்படி ஆக வேண்டும்? சீராளனுக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி ஒருத்தி, செவந்தி என்று ஒரு முயல். அவள் குட்டிக்கு அன்றைக்குத்தான் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்!

போன் அடித்தது.

"அண்ணே, கிளம்பிட்டியா? நல்ல நேரம் முடியப் போகுது. நீ வரலைன்னா நரியண்ணன் மடி தர்றேங்கிறார். என்ன மனசு பாரேன், காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடாம உக்காந்திருக்கார்."

சீராளன் அலறினான். "அம்மாடி, அவன் மடியில மட்டும் வெச்சிராத! இந்தா வந்துட்டேன்!"

மெக்கானிக் ஆமைக்குப் போன் போட்டார்கள். "இந்தா, கிளம்பிட்டேன்" என்றது ஆமை. ஆமை கிளம்பினால் என்ன, கிளம்பாவிட்டால் என்ன?

"நானே பாத்துக்கிறேன்" என்று சீராளன் குரங்கு போட்ட வீடியோவைத் திறந்தான். குரங்கு தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சொன்னது: "முதல்ல ஜாக்கி வெச்சுத் தூக்குங்க. முட்டுக்கட்டை கொடுங்க. காத்தை மட்டும் நம்பி அடியில போகாதீங்க, வண்டி உக்காந்துரும். அப்புறம் சோப்புத் தண்ணி தடவுங்க. எங்க நுரை பொங்குதோ அங்கதான் ஓட்டை."

சொன்னபடியே சீராளன் ஜாக்கி வைத்து, முட்டுக் கொடுத்து, வண்டிக்கு அடியில் நுழைந்தான். பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் பவளம் கரைத்துக் கொடுத்தாள். குழாய் பையோடு சேருகிற இடத்தில் புஸுபுஸுவென்று நுரை. குழாய் நுனி வெடித்திருந்தது. வெடித்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல நுனியை அழுத்திச் சொருகினான். பவளம் கம்ப்ரசரைப் போட்டாள். பை உப்பியது. ஒரு நுரை இல்லை.

"பவளம், ஜெயிச்சுட்டேன்!"

முள்ளம்பன்றிக்குச் சந்தோஷம் வந்தால் என்ன ஆகும்? முள்ளெல்லாம் நட்டுக்கொள்ளும்.

சதக்!

வண்டிக்கு அடியிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "பவளம்... நான் பையில மாட்டிக்கிட்டேன்."

"எத்தனை முள்ளு?"

"முதுகு மொத்தமும்."

"உங்களை யாரு இப்பச் சந்தோஷப்படச் சொன்னது? வெளிய வந்து படக்கூடாதா?"

சீராளன் கொஞ்சம் நகர்ந்தான். ஒரு முள் பையிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. ஸ்ஸ்ஸ் என்றது.

"அசையாதீங்க!" என்று கத்தினாள் பவளம். "ஆணி குத்துன டயர்ல ஆணியைப் புடுங்குவாங்களா? முள்ளு அங்கயே இருக்கட்டும். நீங்க மட்டும் வாங்க."

"நான் மட்டும்னா எப்படி?"

எப்படி என்று அவள் விளக்கவில்லை. இரண்டு காலையும் பிடித்தாள். ஒரே இழுப்பு.

முள்ளெல்லாம் பையில் நின்றது. உரித்த பனங்கிழங்கு மாதிரி சீராளன் வெளியே வந்தான். அவன் அழுது முடிப்பதற்குள் பவளம் பஞ்சர் ஒட்டுகிற பசையை அந்த ஓட்டையிலும் மற்ற முள்ளைச் சுற்றியும் அப்பி, சோப்புத் தண்ணி தடவிப் பார்த்துவிட்டாள். நுரை இல்லை. அவசரத்தில் ஜாக்கியையும் முட்டுக்கட்டையையும் உருவி அங்கேயே போட்டுவிட்டு வண்டியை விரட்டினார்கள்.

போய்ச் சேர்ந்தபோது குட்டி நரியின் மடியில் இருந்தது. நரி கண்ணை மூடிக் குட்டியை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, நிறுத்து! அண்ணன் வந்துட்டேன்!"

செவந்தி ஏற இறங்கப் பார்த்தாள். "யாருங்க நீங்க? பெருச்சாளி வீட்டுக்கெல்லாம் நாங்க பத்திரிகை வெக்கலையே."

"நான்தாம்மா சீராளன்!"

"எங்கண்ணனுக்கு முள்ளு இருக்கும்."

"அப்படிக் கேளு தங்கச்சி" என்றது நரி. "காலம் கெட்டுக் கிடக்கு. கண்டவன் கையில பிள்ளையைக் குடுக்கலாமா?"

பவளம் முன்னால் வந்தாள். "முள்ளு வண்டிக்கு அடியில, காத்துப்பையில இருக்கு. சந்தேகம்னா பாத்துக்கங்க."

"நானே பாக்குறேன். பொய்னு காட்டிட்டு வந்து பிள்ளையை வாங்கிக்கிறேன்." நரி குட்டியைச் செவந்தியிடம் கொடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது. "முள்ளுதான். ஆனா இது யார் முள்ளோ! ஒண்ணைப் புடுங்கிட்டு வாரேன்."

குரங்கு வீடியோவில் சொன்னது பவளத்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எச்சரிக்க வாயைத் திறந்தாள். கொட்டாவி விட்டாள்.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

வண்டி நிதானமாக உட்கார்ந்தது. நரியின் தலையும் ஒரு கையும் வெளியே இருந்தன. கையில் முள். செவந்தி அதை வாங்கி மோந்து பார்த்தாள்.

"ஐயோ, எங்கண்ணன் வாசம்!"

அப்புறமென்ன? குட்டி மாமன் மடியில் ஏறியது. இதுவரை சீராளன் மடியில் உட்கார்ந்த பிள்ளைகள் எல்லாம் காது குத்துவதற்கு முன்னாலேயே அலறும். இந்தக் குட்டி வழவழவென்ற மடியில் தூங்கியே போனது. அந்த முள்ளாலேயே காதும் குத்தியாயிற்று.

நரிக்கு அங்கேயே இலை போட்டார்கள். மரக்கறிச் சாப்பாடு.

"வண்டியத் தூக்குங்கப்பா!" என்றது நரி.

"ஜாக்கியக் கிளம்புன இடத்துலயே விட்டுட்டோம்ண்ணே" என்றாள் பவளம், பாயசம் ஊற்றிக்கொண்டே. "ஆமைகிட்ட இன்னொண்ணு இருக்கு. போன் போட்டாச்சு. இந்தா, கிளம்பிட்டேன்னு சொல்லிச்சு."

நீதி: வெறும் காற்று தாங்குகிற வண்டிக்கு அடியில் ஒருநாளும் போகக்கூடாது. அதற்கென்றே வீட்டுக்கு ஒரு வேண்டாத சொந்தக்காரர் இருப்பார். அவரை அனுப்ப வேண்டும்.