கறுப்புச் சன்னலுக்குக் காவல்

ஆமத்தூர்,
புரட்டாசி கடைசி வெள்ளி.

திருப்பூரில் இருக்கும் மூத்த மகன் பாலகுருவுக்கு, அப்பா சின்னச்சாமி ஆள் வைத்து எழுதும் கடிதம். இங்கே உன் தம்பி முனியராஜ், அவன் பெண்டாட்டி சண்முகத்தாய், பேத்தி இசைவாணி, நான், சினையாக இருக்கும் வெள்ளாடு உட்பட எல்லோரும் சுகம். அங்கே நீயும் மருமகளும் சுகமென்று வைத்துக்கொண்டே மேலே போகிறேன். மேலே தேதி போட்டது டீச்சர். எனக்குத் தேதி நிற்காது, ஆகையால் என் கணக்கும் இருக்கட்டும்: ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு இறங்கியதும், நம் தெருவுக்கு இலவச டிவி வந்ததும், டிவி வந்த கையோடு கரண்ட் போனதும் இந்த வருஷம்தான். எழுதுவது பக்கத்து வீட்டு ஜாஸ்பின் டீச்சர். நான் "வந்தாக" என்று சொன்னால் அவர் "வந்தார்கள்" என்று எழுதுகிறார். கடிதம் கொஞ்சம் மரியாதையாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

தீபாவளி கழிந்ததும் வந்து அழைத்துப் போகிறேன், அங்கன சும்மாதானே இருக்கீக என்று போனில் சொன்னாய். உன் மனசு நல்ல மனசு, வேளாவேளைக்குச் சோறும் மாத்திரையும் கொடுப்பாய், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் பனியன் கம்பெனிக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவீர்கள். போன தடவை வந்திருந்தபோது நானும் உன் வாசல் பூட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம். மேலும் நான் இங்கே சும்மா இருப்பதாக உனக்கு யார் சொன்னது? எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் வேலை. சிரிக்காமல் கேள்.

இசைவாணி எம்.ஈ. படிப்புக்கு ஒரு கணக்குப் போடுகிறாள். பட்டாசுக் கம்பெனி ஷெட்டுக்கு எந்தக் கூரை போட்டால் எந்த வெயிலுக்கு உள்ளே எம்புட்டுச் சூடு ஏறும் என்று பார்க்கிற கணக்கு. அவள் அம்மா நாரணாபுரத்தில் அப்படி ஒரு ஷெட்டில்தானே உட்கார்ந்திருக்கிறாள். கணக்குப் போட கம்ப்யூட்டரில் பெரிய சாப்ட்வேர் ஒன்று இருக்கிறது, ஆனால் இந்தச் சூட்டுக் கணக்கு மட்டும் அதற்கு வராதாம், அதற்கென்று வெளியே ஒரு பழைய புரோகிராம் இருக்கிறதாம். உனக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது தீப்பெட்டிக் கம்பெனி வண்டி வந்து நம் வீட்டில் குச்சியும் சட்டமும் இறக்கிவிட்டுப் போகும், உன் அம்மா அடுக்கி வைப்பாள், சாயங்காலம் வண்டி வந்து எடுத்துப் போகும், ஒருநாள் நீ அடுக்குகிறேன் என்று உட்கார்ந்து தூங்கி அடுக்கிய சட்டத்தின் மேலேயே உருண்டாய், உன் கன்னத்தில் ஒட்டியிருந்த குச்சியை உன் அம்மா எடுத்தது எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. அதேதான் இதுவும். சாப்ட்வேர்தான் கம்பெனி. பழைய புரோகிராம்தான் வெளியே வேலை செய்யும் வீடு. இன்ன கூரை, இன்ன வெயில் என்று எழுதி ஒரு ஃபைலைக் கம்பெனி அனுப்பும், அதற்கு இன்புட் ஃபைல் என்று பெயர், அதுதான் லோடு. வீட்டுக்காரர் கணக்கை முடித்து இன்னொரு ஃபைலில் போட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

இதில் வீட்டுக்காரர் கொஞ்சம் வீம்பு பிடித்தவர். வேலை செய்யும்போது கம்ப்யூட்டர் திரையில் கறுப்பாக ஒரு சன்னல் திறக்கும், வேலை முடிந்ததும் அந்தச் சன்னல் மூடாது. யாராவது எண்டர் என்ற கட்டையைத் தட்டினால்தான் கணக்கைக் கையைவிட்டுக் கொடுப்பார். அதுவரை கம்பெனியும் அடுத்த லோடு அனுப்பாமல் வாசலில் நிற்கும். அந்தப் பழைய புரோகிராமை எழுதிய கல்லூரி சார்மார் மூன்று பேரில் பாளையங்கோட்டையில் இருக்கிற செல்வநாயகம் சாருக்கு இசைவாணி போன் போட்டு, இந்த நிறுத்தத்தை எடுக்கலாமா சார் என்று கேட்டாள். அவர், "நிக்கட்டும்மா. வேலை முடிஞ்சா ஒரு ஆளு வந்து பார்க்கணும்னுதான் நிறுத்தி வச்சோம்" என்று சொல்லி வைத்துவிட்டார். பகலில் அவள் கல்லூரிக்குப் போகிறாள், அவள் அம்மா கம்பெனிக்குப் போகிறாள், முனியராஜ் லோடு வண்டியில் எந்த ஊரில் இருக்கிறானோ. வீட்டில் மிச்சம் நானும் ஆடும். ஆடு சரிப்படாது என்று என்னை எடுத்தார்கள்.

"ஒரே தட்டு தாத்தா. சன்னல் நின்னா மட்டும் தட்டுங்க" என்றாள். ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்பும் நேரத்துக்கு ஒரு தரம் சன்னல் நிற்கும், தட்டுவேன். முதல் வாரம் டீ குடிக்கப் போகலாம் என்று அம்மிக் குழவியைக் கட்டை மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் ஏதோ ஒரு பக்கம் தலையிலிருந்து கால்வரை காலியாக ஓடிக்கொண்டே இருக்கிறது, கட்டையும் உள்ளே போய் வெளியே வரவில்லை, சாலமன்ராஜ் வந்து பேனாக்கத்தியால் நெம்பி எடுத்தான். அவன்தான் டீச்சருடைய தம்பி, விருதுநகரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறான். பிறகு கரண்ட் போகும், நடுக்கணக்கில் எல்லாம் அணைந்துவிடும், மறுபடி முதல் கூரையிலிருந்து. உன் மாமா ஊர்க்காவலன் மகள் கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை, சன்னல் நின்றுவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அவன் பந்தியில் வைத்து, "சின்னச்சாமி மச்சானுக்குச் சன்னலைப் பார்த்துக்கிட்டே இருக்கிற சீக்கு வந்திருச்சுப்பா" என்று சொல்லியிருக்கிறான். சண்முகத்தாய் வேலைக்குக் கிளம்பும்போது, "மாமா, ஆபீசருக்குச் சோறு மேசைக்கே வருமா, இல்ல எந்திரிச்சு வருவீகளா" என்று கேட்டுவிட்டுப் போவாள். கேட்கட்டும். இந்த வயதில் என்னை நம்பி ஒன்று நின்றுகொண்டிருந்தது, பாலகுரு. நான் தட்டினால் நகர்ந்தது.

போன வாரம் அதற்கும் ஆள் வந்துவிட்டது. சாலமன்ராஜ் சும்மா வந்தவன் பார்த்துவிட்டு, இதற்கு ஏன் தாத்தா நீங்க என்று ஒரு ஃபைலைச் செய்தான். அதில் ஓர் எழுத்தும் கிடையாது, ஓர் எண்டர் மட்டும்தான். லோடு போகும்போதே அதையும் கூட அனுப்பினால் வீட்டுக்காரர் என் தட்டென்று நினைத்துக்கொண்டு கொடுத்துவிடுகிறார். எழுத்துத் தெரியாத என்னை எழுத்தே இல்லாத ஒரு ஃபைல் வேலையைவிட்டு எடுத்துவிட்டது. சன்னல் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது, மூடுகிறது, யாரையும் கேட்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். மிச்சமிருந்த கூரைகள் அத்தனையும் மளமளவென்று முடிந்தன, நேற்றுக் கல்லூரியில் ஒப்படைத்தும் விட்டாள். இசைவாணி என் முகத்தைப் பார்த்தாள். நல்லதுதான், பிள்ளை படிப்பு முக்கியம்.

ஆகையால் நீ சொன்னபடியே தீபாவளி கழிந்து வருகிறேன். பூட்டுக்கு எண்ணெய் போட்டு வை, போன தடவையே இறுகிக் கிடந்தது. மருமகளுக்கு என் ஆசி. குலசாமி உங்களுக்குக் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா சின்னச்சாமி
(கைநாட்டு)

பின்குறிப்பு: டீச்சர் கடிதத்தை ஒட்டப் பசை எடுக்கப் போனபோது இசைவாணி கல்லூரியிலிருந்து வந்தாள். கூரை முடிந்து இனிமேல் சுவர்க் கணக்காம், அது கூரையைவிடப் பெரிதாம். எண்டர் ஃபைலை மட்டும் காணவில்லையாம். கம்ப்யூட்டரில் வைத்தது எங்கே போகும், அது ஒரு தட்டில் செய்கிற ஃபைல்தானே, இன்னொன்று செய் தாயி என்றேன். "எழுதினவகளைக் கேக்காம அப்பிடிச் செய்யக் கூடாதாம் தாத்தா. நீங்களே உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீச்சர் மோட்டுவளையைப் பார்க்கிறார். ஆகையால் நீ வர வேண்டாம், டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடு. எழுதிய மூன்று பேரில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். அனுமதி கொடுக்க இன்றைக்கு உயிரோடு இருப்பவர், நிற்கட்டும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்ட பாளையங்கோட்டை செல்வநாயகம் சார் ஒருவர்தான்.