ஆடுகிற கைப்பிடிக்கு ஆறு சொல்

மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. "அன்புள்ள" என்று ஆரம்பித்து அடித்திருக்கிறேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமா என்று கேட்பது முறை, கேட்டாயிற்று. இங்கே நான் சுகமில்லை, உன் அக்கா சுகமில்லை, எங்கள் மூன்றாம் மாடிக்கு ஏறுகிற படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி எங்கள் இருவரையும்விடச் சுகமில்லை.

இந்தக் குடியிருப்பின் பராமரிப்பு அலுவலகத்தில் நீ பெரிய நாற்காலியில் உட்கார்ந்த அன்று உன் அக்கா வீடு வீடாகப் போய், "என் தம்பிதான் இனிமே எல்லாத்தையும் பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். நீ நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே நாங்கள் பிழைத்திருப்போம். நீயோ ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது பக்கத்தில் ஒரு கையேடு எழுதினாய். ஒன்றை நல்லபடியாக ஆக்குவதற்கு ஆங்கிலத்தில் ஆறு சொல், ஆறுக்கும் ஆறு அர்த்தம், விண்ணப்பத்தில் ஆறு கட்டம், எந்தக் கட்டத்தில் டிக் போடுகிறோமோ அந்தச் சொல்லுக்குரிய வேலைதான் நடக்கும். முப்பத்து நான்கு வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன் நான். பிரேக் பிடிக்கவில்லை என்றால் டிரைவர் வந்து "பிரேக் பிடிக்கலண்ணே" என்பான், நான் வண்டிக்கு அடியில் படுப்பேன். பிரேக்கை மேம்படுத்த வேண்டுமா, மெருகேற்ற வேண்டுமா என்று அவனை நான் கேட்டிருந்தால் அந்த ஊரில் பாதிப் பேர் இன்றைக்கு உயிரோடு இருக்க மாட்டார்கள்.

நான்கு மாதத்துக்கு முன்னால் உன் அக்கா அந்தக் கம்பியைப் பிடித்து இறங்கினாள். கம்பி சுவரைவிட்டுக் கையோடு வந்தது. ஐந்து படி உருண்டாள். நல்லவேளை, எலும்பு தப்பியது, தைரியம்தான் முறிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் கீழே இறங்கவே இல்லை. மாலையில் கீழே சிமெண்டு பெஞ்சில் அவளோடு உட்கார்கிற சிநேகிதிகள் இரண்டு பேரும் இப்போது அண்ணாந்து பார்த்துப் பேசுகிறார்கள், இவள் பால்கனியிலிருந்து குனிந்து பேசுகிறாள். போன வாரம் ஒரு அம்மா தன் மருமகளைப் பற்றிய ரகசியத்தைக் கீழேயிருந்து மூன்றாம் மாடிக்குச் சொன்னார். மருமகள் இரண்டாம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அதுவும் உன் கணக்கில்தான் சேரும்.

நீ வந்து பார்க்காமல் இல்லை. ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தாய். "அக்கா, ஃபார்ம் போடுங்க. நானா ஆள் அனுப்பினா சொந்தக்காரங்களுக்குச் செய்யறான்னு சொல்லுவாங்க" என்றாய். சரி, நேர்மையான மனுஷன் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். இங்கிலீஷ் எனக்குக் கடையின் பெயர்ப்பலகை படிக்கிற அளவுக்குத்தான். உன் அக்கா இருபத்தெட்டு வருஷம் ஆபீசில் டைப் அடித்தவள், அதனால் விண்ணப்பம் அவள் பொறுப்பு. "ரிப்பேர்னு போடு" என்றேன். "அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்குங்க. இம்ப்ரூவ்னு போடறேன், மரியாதையா இருக்கும்" என்றாள். போட்டாள். இரண்டு வாரத்தில் ஆள் வந்தான். கையேட்டின்படி இம்ப்ரூவ் என்றால் ஏற்கெனவே நன்றாக இருப்பதை இன்னும் நன்றாக்குவதாம். ஆகவே கம்பி நன்றாக இருப்பதாகக் குறித்துக்கொண்டு அதற்குப் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டுப் போனான். ஈரம் என்று எழுதி வைப்பது இம்ப்ரூவில் சேராது போலிருக்கிறது. என் வெள்ளைச் சட்டை போயிற்று. அடுத்து என்ஹான்ஸ். இருப்பதன் சிறப்பை எடுத்துக்காட்டுவதாம். கம்பிக்கு மேலே பளிச்சென்று ஒரு விளக்கு மாட்டினார்கள். கம்பி ஆடுவது இப்போது தெளிவாகத் தெரிகிறது. அதற்கடுத்து அப்கிரேட். ஒரு படி உயர்ந்த ரகமாக்குவதாம். துருப்பிடித்த அதே கிளாம்பு, அதே ஆடுகிற ஸ்குரூ, அதன்மேல் கனமான ஸ்டீல் குழாய் ஒன்றை ஏற்றி வைத்தார்கள். முன்பு தொட்டால்தான் ஆடியது, இப்போது பக்கத்து வீட்டில் கதவைச் சாத்தினாலும் ஆடுகிறது.

ஒவ்வொரு தடவையும் "ரிப்பேர்னு போடுடீ" என்று நான் கத்துகிறேன். "நீங்க சும்மா இருங்க, எனக்குத் தெரியும்" என்கிறாள் அவள். நாலாவது தடவை ரீஃபார்ம் என்று போட்டாள். கெட்ட வழக்கத்தை மாற்றி நல்வழிப்படுத்துவதாம். மச்சான், ஒரு அதிகாரி வந்தார். மூன்று மாடிக்காரர்களையும் படிக்கட்டில் வரிசையாக நிற்க வைத்து, கைப்பிடியை எப்படிப் பிடிப்பது என்று முக்கால் மணி நேரம் வகுப்பு எடுத்தார். "நாலு விரல் மேலே, கட்டை விரல் கீழே, மனசுல அவசரம் கூடாது" என்றார். நான் கையைத் தூக்கி, "சார், கம்பிக்கும் ஒரு வகுப்பு எடுங்க சார், அதுதான் சுவத்தைப் பிடிக்க மாட்டேங்குது" என்றேன். ஒத்துழைக்காதவன் என்று என் பெயரைக் குறித்துக்கொண்டு போனார். ஐந்தாவது சொல் என் வாயில் நுழையவில்லை. உன் அக்கா மூன்று தடவை சொல்லிக் கொடுத்தாள். அமீலியோரேட். இருமல் மருந்தின் பெயர் மாதிரி இருக்கிறது. மோசமாக இருப்பதைத் தீர்க்காமல் கொஞ்சம் தாங்கிக்கொள்கிற மாதிரி ஆக்குவதாம். அதற்காகப் படிக்கட்டின் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். விழுந்தவர்கள் உட்கார்ந்து அழலாம்.

நானே நாலு போல்ட் போட்டு முறுக்கிவிடலாம் என்று டிரில்லிங் மெஷினோடு போனேன். காவலாளி ஓடி வந்து, "சார், பொதுச் சொத்துல கை வெச்சா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க சார், போர்டு இருக்கு பாருங்க" என்றார். பார்த்தேன். போர்டின் கீழே உன் கையெழுத்து. அரை மணி நேர வேலை! நான்கு போல்ட்! அதற்கு என் வீட்டுக்கு ஐந்து பதில் கடிதம், ஐந்திலும் "மதிப்பிற்குரிய குடியிருப்பாளரே" என்று தொடங்கி உன் கையெழுத்து. யாரடா குடியிருப்பாளர்? என் கல்யாணத்தில் என் செருப்பை ஒளித்து வைத்துவிட்டுக் கொடுக்க மாட்டேன் என்று அழுதவன் நீ!

உன்னைத் தூக்கி வளர்த்தவள் மூன்றாம் மாடியில் கூண்டுக்கிளியாக உட்கார்ந்திருக்கிறாள். உனக்குச் சொல்லின் நயம் வேண்டியிருக்கிறது. இனி உன் வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன். உன் மேலதிகாரிக்கு இந்தக் கையேட்டோடு ஒரு கடிதம் எழுதப் போகிறேன். உனக்கும் எனக்கும் உள்ள உறவு உன் அக்கா வழியாக வந்தது. அவளையே படியிறங்க விடாதவனோடு எனக்கு என்ன உறவு?

ஆனாலும் பெரியவன் என்ற முறையில், நீயும் உன் குடும்பமும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். உன் வீட்டுக் கைப்பிடிகளும் அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மதிப்பிற்குரிய குடியிருப்பாளர்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குமுன் உன் அக்கா கேட்டு வாங்கிப் படித்தாள். பிறகு உன் கையேட்டை எடுத்து ரிப்பேர் பக்கத்தைப் பிரித்து, அடியில் பொடி எழுத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னாள். ரிப்பேர் என்றால் உடைந்ததைச் சரிசெய்வது. உடைந்தது என்று விண்ணப்பம் வந்தால், போன வருஷச் சோதனையில் அது உறுதியாக இருக்கிறது என்று எழுதியவர் யார் என்று பதிவேட்டை எடுத்து விசாரிக்க வேண்டும். "எழுதினது என் தம்பி. ஏறிப் பாக்காம எழுதினான்னு தெரிஞ்சா அவன் வேலை போயிடும். மத்த அஞ்சு வார்த்தைக்கும் பதிவேட்டை எடுக்க மாட்டாங்க. அஞ்சுல ஏதாவது ஒண்ணுல தற்செயலா சரி பண்ணிட மாட்டாங்களான்னு பாத்தேன்" என்றாள்.

"ஏறிப் பாக்காம ஏன் எழுதினான்?" என்று நான் எகிறினேன். "உங்களுக்கு ஞாபகம் இல்லையா?" என்றாள்.

ஞாபகம் வந்துவிட்டது மச்சான். அந்தச் சோதனை நாளன்று நீயும் நானும் கீழே பெஞ்சில் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். நீ பதிவேட்டை எடுத்துக்கொண்டு, "படிக்கட்டை மட்டும் பாத்துட்டு வந்துடறேன் அத்தான்" என்று எழுந்தாய். நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். உன் சட்டையைப் பிடித்து இழுத்து, "நட்டும் போல்ட்டுமா வாழ்ந்தவன் சொல்றேன், கல்லு மாதிரி இருக்கு, எழுதிட்டு உக்காரு" என்றேன். நீ எழுதிவிட்டு உட்கார்ந்தாய்.

நாளைக் காலையில் ரிப்பேர் கட்டத்தில் நானே டிக் போடுகிறேன். உறுதி என்று சொல்லி எழுத வைத்தவன் நான் என்று கீழே தமிழில் எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன். விசாரணைக்குக் கூப்பிட்டால் என்னையும் கூப்பிடச் சொல். மேலே உள்ளதையெல்லாம் கிழித்துவிடலாம் என்றேன்; உன் அக்கா விடவில்லை. "இருக்கட்டும், நீங்க யார்மேல கோபப்பட்டீங்கன்னு அவன் பாக்கட்டும்" என்கிறாள். சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டாள். நான்கு மாதமாக இதைப் பற்றி அவள் என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் இன்னும் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.