செத்த ராஜா விருந்துக்கு வந்துவிட்டார்

மதிப்புக்குரிய எழுத்தாளர் தம்பி அவர்களுக்கு,

உங்கள் தடித்த டிராகன் நாவலை பைண்டிங் செய்து கொடுத்த கடையின் உரிமையாளரும், அதே கடையில் பில் போடும் பெண்ணின் தகப்பனாருமாகிய நான் எழுதிக்கொள்வது. உங்கள் நலம், உங்கள் பெற்றோர் நலம் எல்லாவற்றையும் முறைப்படி விசாரித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும். இங்கே என் மூக்கைத் தவிர எல்லோரும் சௌக்கியம்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். சென்ற மாதம் என் மகள் எதிரில் வந்து நின்று, ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னாள். பையன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். எழுத்தாளர் என்றாள். கட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் என் காதில் எழுத்தர் என்று விழுந்தது. மாதச் சம்பளம், ஞாயிறு விடுமுறை, கடைசியில் ஓய்வூதியம் என்று மனம் குளிர்ந்து நின்றேன். மெஷினை நிறுத்திய பிறகுதான் விவரம் தெரிந்தது. "எழுதுறது சரிம்மா, வேலை என்ன?" என்றேன். "அதுதாம்ப்பா வேலை" என்றாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். உடனே என் மனைவி உள்ளே புகுந்து, "அந்தப் பிள்ளை எழுதினதுல ஒரு வரியாவது படிச்சிருக்கீங்களா? முழுசாப் படிச்சிட்டு அப்புறம் வேண்டாம்னு சொல்லுங்க, நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாள். அவள் வாயைத் திறக்காமல் இருப்பாள் என்ற ஒரே ஆசையில்தான் தம்பி, கடை அலமாரியிலிருந்து ஒரு பிரதியை உருவிக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன்.

இத்தனை வருடமாக ஊரார் புத்தகங்களை மடித்து, தைத்து, ஒட்டி, வெட்டி அனுப்பியிருக்கிறேனே தவிர ஒன்றுக்குள்ளும் போய் எட்டிப் பார்த்தவன் இல்லை. முதல் நாள் மல்லாந்து படுத்துப் படித்தேன். யாரோ ஒரு குதிரைவீரன் மலை ஏறுகிறான், ஏறுகிறான், ஏறிக்கொண்டே இருக்கிறான், எனக்குக் கண் சொக்கியது, புத்தகம் மூக்கின் மேல் விழுந்தது. கண்ணாடி வளைந்தது, மூக்கு வீங்கியது. மறுநாள் மடியில் வைத்துப் படித்தேன், தொடை மரத்துப்போய் எழுந்திருக்கக் கை கொடுக்க ஆள் தேவைப்பட்டது. பேருந்தில் படித்தேன், இறங்க வேண்டிய இடம் போய், அடுத்ததும் போய், டிப்போவில் நடத்துனர் தோளைத் தட்டினார். பாத்திரங்களின் பெயர்களைத்தான் எங்கே பிடித்தீர்களோ, ஒன்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், பல்செட் கழன்று கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ராஜா, மந்திரி, இளவரசி என்று நானே சுருக்கிக்கொண்டேன். அட்டையில் இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கும் டிராகனோ முன்னூறு பக்கம் தாண்டித்தான் உள்ளே வருகிறது. வந்ததும் குதிரையைச் சேணத்தோடு விழுங்குகிறது. கடல் கடலாகத் தாண்டிப் பறக்கிறது. ஆனால் தம்பி, அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு தீனி, கதை முடிகிற வரை ஒரு தடவைகூட ஒதுங்கவில்லையே? கீழே துணி காயப்போட்டிருப்பவர்கள் கதியை நினைத்துப் பார்த்தீர்களா?

இதெல்லாம் போகட்டும். ராஜா செத்துப்போகிறார். எரித்தும் ஆயிற்று. இளவரசி இடுப்பில் கைக்குழந்தையோடு நின்று அழுகிறாள். பக்கத்தைப் புரட்டினால், அதே ராஜா மந்திரியைத் திட்டிக்கொண்டிருக்கிறார்! இளவரசி தோழிகளோடு பந்தாடுகிறாள், இடுப்பில் இருந்த குழந்தையைக் காணவில்லை, யாரும் தேடவும் இல்லை. சரி, டிராகன் உள்ள ஊரில் இதெல்லாம் சகஜம்போல என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். கதை பாதி தாண்டிய பிறகு, ராஜா படுத்த படுக்கையாகிறார், குழந்தை மறுபடி வருகிறது, பல்கூட முளைத்துவிட்டது. அடுத்த பக்கத்தில் இளவரசிக்குக் கல்யாணம்! செத்தவர் எழுந்து வந்து விருந்தில் நடுநாயகமாக உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் போடச் சொல்கிறார்! தம்பி, நான் ஒரு பெண்ணைப் பெற்றவன். குழந்தை முதலில், கல்யாணம் பிறகு என்று எழுதுகிற ஆளுக்கு என் பெண்ணை எந்தத் தைரியத்தில் கொடுப்பேன்? வாரப் பத்திரிகை மதிப்புரையில், காலத்தைக் கலைத்துப்போட்டுக் கதை சொன்ன மேதைமை என்று வேறு உங்களைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். கலைந்த காகிதத்தோடு காலம் தள்ளுகிறவன் நான், எனக்கே கதையா? இந்த நாவலில் குறை சொல்ல முடியாத ஒன்று உண்டென்றால் அது பைண்டிங்தான்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கிழட்டு டிராகன், அதாவது இளவரசியைக் குட்டியிலிருந்து வளர்த்த அந்த அம்மா, கடைசியில் பிரிந்து போவதற்கு முன் பெண்ணின் வீட்டுக் கூரைமேல் வந்து உட்காருகிறாளே, ஓடு உடைந்துவிடுமோ என்று அவ்வளவு பெரிய உடம்பை மெல்ல மெல்ல இறக்கி, ஜன்னல் வழியே ஒரு கண்ணால் மட்டும் பார்க்கிறாளே, அங்கே என்னால் முடியவில்லை. எனக்கும் ஒரே பெண். அவள் போன பிறகு பில் போடும் மேசையில் யார் உட்கார்ந்தாலும் எனக்கு அது காலிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். "அடுத்த பாகம் எல்லாம் கிடையாதுப்பா. ஒரே புத்தகம், இதோட முடிஞ்சுது" என்றாள் உங்கள் ஆள். "முடிஞ்சுதா? அந்த அம்மா எங்க போனா?" என்றேன். "அதை நாமதான் நினைச்சுக்கணும்" என்றாள். நானே நினைத்துக்கொள்வதற்கு எதற்கய்யா இத்தனை பக்கம்? ஒரு தாயை நடுவானத்தில் விட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிறவரை நம்பிப் பெண்ணை எப்படிக் கொடுப்பது?

ஆகவே இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்பது என் முடிவான முடிவு. உங்கள் பேனா நன்றாக இருக்கட்டும், நீங்களும் நீண்ட ஆயுளோடு, இயன்றவரை சுருக்கமாக எழுதி, வேறு எங்கேனும் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
மூக்கு வீங்கிய வாசகன்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, கடிதத்தை உறையில் போடும் முன் மனைவியிடம் காட்டியது தப்பாகிவிட்டது. நீங்கள் என் மகளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதியை என் மனைவி ஏற்கெனவே படித்து முடித்துவிட்டாளாம். "எந்தக் கதையைப் படிச்சீங்க? கல்யாணம், அப்புறம் குழந்தை, அப்புறம்தானே ராஜா சாகுறார்?" என்றாள். இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். பதினாறு பக்கம் கொண்ட ஒரு மடிப்பு இன்னொன்றின் இடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கல்யாணம் போக வேண்டிய இடத்துக்குச் சாவும், சாவு போக வேண்டிய இடத்துக்குக் கல்யாணமும் போயிருக்கின்றன. "பக்க எண் போட்டிருக்கே, அதைப் பார்க்கலையா?" என்று கேட்கிறாள். கதை படிக்கிறவன் கதையைப் பார்ப்பானா, எண்ணைப் பார்ப்பானா? முதலில் தைத்த பிரதிகளெல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன, கடைசிக் கட்டுப் பிரதிகள் மட்டும்தான் கோளாறு. அன்றைக்கு மடிப்புகளை வரிசையாக அடுக்குகிற ஆள் வரவில்லை. இது என்ன பெரிய வித்தை என்று நானே அடுக்கினேன்.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன், மனைவி விடவில்லை. வரி விடாமல் அப்படியே போக வேண்டும் என்று பக்கத்திலேயே நிற்கிறாள். மீதிப் பிரதிகளைப் பிரித்து என் செலவில் மறுபடி தைத்துத் தருகிறேன். வாரப் பத்திரிகைக்காரருக்கும் அந்தக் கட்டிலிருந்துதான் ஒன்று போயிருக்கிறது. அவரிடம் வாயைத் திறக்க வேண்டாம், பாராட்டைத் திருப்பிக் கேட்டுவிடப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அந்த அம்மா எங்கே போனாள் என்று எனக்கு மட்டும் காதோடு சொல்லிவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகை ஒரே ஒரு மடிப்புதான், ஆனாலும் அதை வேறு கடையில் கொடுக்கச் சொல்லி உங்கள் மாமியார் உத்தரவு.