திரைக்கம்பியின் சுருதி

பௌதிக நூலில் ஓர் அத்தியாயத்தை மட்டும் படிப்பவர் ஆபத்தானவர். அதையும் பாதியில் நிறுத்தியவர் வீட்டுக்கே ஆகாதவர். நான் இரண்டாம் வகை.

நான் இலக்கிய மாணவி. பழம்பாடல்களில் வரும் யாழின் நரம்பு எவ்வாறு ஒலிக்கிறது என்று அறியவே அந்நூலை இரவல் வாங்கினேன். நரம்பின் நீளம் பாதியானால் சுருதி இரட்டிக்கும். இழுவை நான்கு மடங்கானாலும் இரட்டிக்கும். சோதித்துப் பார்க்க வீட்டில் நரம்புக் கருவி இல்லை. (கேட்டிருந்தால் வாப்பாவின் சுருதிதான் இரட்டித்திருக்கும்.)

அவ்வேளையில்தான் கல்முனையில் எங்கள் வீட்டுக்கு என் மூத்த சகோதரி ராத்தாவுக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். முந்திய இரண்டு சம்பந்தங்களும் அற்பக் காரணங்களால் கலைந்திருந்தன. இதுவும் கலைந்தால் இனிக் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்றிருந்தாள் ராத்தா. கூடத்தின் குறுக்கே கம்பியில் திரை தொங்கியது. அப்பால் ஆண்கள், வழக்கத்துக்கு மாறாக மாப்பிள்ளையும் வந்திருந்தார். இப்பால் நாங்கள்.

"கம்பி தொய்யுது புள்ள, கொஞ்சம் இறுக்கிவிடு" என்றார் உம்மா.

ஆணியருகே இரட்டையாய் ஓடிய கம்பிக்குள் அகப்பைக் காம்பைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றினேன். விரலால் சுண்டினேன். 'ங்ஙொய்' என்றது. உம்மா கேட்டது அவ்வளவே. நானோ சுருதி இரட்டிக்கும்வரை முறுக்கி முறுக்கிச் சுண்டுவதெனத் தீர்மானித்தேன்.

"என்னடி செய்யிறாய்? நீ இலக்கியம்தானே படிக்கிறாய்?" என்று ராத்தா கிசுகிசுத்தாள், விருந்தாளிகளுக்கு வைத்திருந்த வட்டிலாப்பம் வாய்நிறைய இருக்க.

"கதைக்காம இரு ராத்தா, இன்னும் கொஞ்சந்தான்."

"என்ன, குளவி இரையிது?" என்றது அப்பாலிருந்து ஒரு குரல்.

கம்பி தாங்கும் எல்லையைப் பற்றிய விளக்கம் அடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது. 'டங்' என்று அறுந்தது. திரை முழுவதும் தரையில். மாப்பிள்ளைக்கு நேரெதிரே, கன்னம் உப்பிய கோலத்தில் ராத்தா. என் கையில் அகப்பை. வாப்பா கண்களை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் தகப்பனார்தான் முதலில் வாய் திறந்தார். "நிக்காஹ்வுக்கு முந்திப் பொண்ணக் காட்டமாட்டீங்க எண்டெல்லோ நினைச்சன்! மகன், பாத்திட்டாய்தானே? என்ன சொல்றாய்?"

மாப்பிள்ளை தலை குனிந்துகொண்டார்.

"எனக்கு ஓம் வாப்பா. வட்டிலாப்பம் மிச்சமிருந்தா அதுக்கும் ஓம்."

அதன் பிறகே நான் மூச்சுவிட்டேன். ராத்தாவோ அதன் பிறகே விழுங்கினாள்.

அடுத்த பக்கத்தை அன்றே படித்து முடித்தேன், பயன் இல்லை. குடும்பத்தில் எந்தச் சம்பந்தம் இழுபட்டாலும் என் மச்சானாகிவிட்ட அந்த மாப்பிள்ளை இன்றும் சொல்வது ஒன்றுதான்:

"திரையக் கட்டுங்க. மச்சியக் கூப்பிடுங்க. அகப்பையோட வரச் சொல்லுங்க."