மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன கடல் பந்து

நான் எதையும் எளிதில் நம்புகிறவன் அல்ல. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால், அந்த இரண்டாவதில் என்ன பழுது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கல்முனையில் போன் திருத்தும் கடை வைத்திருப்பதால் வந்த குணம் என்று பெருமைப்பட்டதும் உண்டு.

கல்யாணம் முடித்துச் சாய்ந்தமருதில் மனைவி வீட்டுக்குக் குடிபோன புதிது. (எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும்.) அங்கே பெரிய புத்திசாலி என்று பெயரெடுக்கத் துடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒலுவில் துறைமுகத்துக்கு வந்த மாமாவின், அதாவது என் மாமனாரின், மீன்பிடிப் போட்டில், வலையோடு ஒரு வெள்ளைப் பந்து வந்து சேர்ந்தது. பூசணிக்காயைவிடப் பெரிது. 'தீங்கில்லாத ஆய்வுக் கருவி, கடலிலேயே விட்டுவிடவும்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

தீங்கில்லாத பொருள் அதை நெற்றியில் எழுதிக்கொண்டா அலையும்?

மாமா அதைத் திரும்பக் கடலில் போடத்தான் பார்த்தார். நான் விடவில்லை.

"அவசரப்படாதீங்க மாமா. எந்த நாடோ நம்மட கடல்ல எங்க மீன் இரிக்கெண்டு வேவு பாக்குது."

மாமா என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார். எனக்கு அது போதும். பந்தை அரிசிச் சாக்கில் போட்டு மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் வைத்தால் யாராவது களவெடுப்பார்கள், கடையில் விட்டால் எந்த நாட்டு ஆளாவது வந்து தூக்கிவிடுவான். ஆகவே நான் போகுமிடமெல்லாம் சாக்கும் வந்தது. திறந்து பார்க்க ஸ்க்ரூ டிரைவரை எடுப்பேன். வெடித்துத் தொலைத்தால் என்ன செய்வது என்று வைத்துவிடுவேன். (வீரம் அவ்வளவுதான்.)

இதற்கிடையில் இன்னொரு சங்கதியும் நடந்துகொண்டிருந்தது. என்னைப் பெற்ற உம்மாவின் மீன் கறியை விட்டு என்னால் இருக்க முடியவில்லை. மாமியிடம், வயிற்றில் கேஸ்ட்ரிக், பகலில் கடையிலேயே இரண்டு பிஸ்கட் போதும் என்று சொல்லியிருந்தேன். சொல்லிவிட்டு நேரே கல்முனைக்குடியில் உம்மா வீடு. மாமி பாவம், எனக்காகப் பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கி வந்து இரவில் கஞ்சி காய்ச்சித் தந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கொழும்பிலிருந்து கடல் ஆய்வு அதிகாரி ஒரு பெண் வீடு தேடி வந்துவிட்டார். போனில் ஒரு வரைபடத்தைத் திறந்து நடு ஹாலில் வைத்தார். பல நாடுகள் சேர்ந்து கடல் முழுக்க இப்படிப் பந்துகளை மிதக்கவிடுகின்றனவாம். ஒரு நாட்டுக் கப்பல் போடும், இன்னொரு நாட்டுச் செய்மதி வானத்திலிருந்து அது நிற்கும் இடத்தையும் தகவலையும் பிடிக்கும், மற்றொரு நாடு கடலின் சூட்டைக் கணக்குப் பார்க்கும். புயல் எச்சரிக்கை அதையும் வைத்துத்தான் வருகிறதாம்.

மாமா யோசித்தார். "அப்ப போன மாரியில என்ட போட்டைக் கரையில நிப்பாட்டினது இதுதானா?"

"இது மாதிரி நிறையப் பந்துகள் சேர்ந்துதான் ஐயா. இந்தப் பந்து மட்டும் திடீரெண்டு ரோட்டில ஓடத் தொடங்கிட்டுது. கடல் கொதிக்குதெண்டும் அறிவிச்சுது. எல்லா நாட்டுக்காரரும் குழம்பிப்போனாங்க."

மாமா என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை. போனால் போகிறது, அதோடு முடிந்தது என்று நினைத்தேன். தேநீர் கொண்டுவந்த மாமி வரைபடத்தின் மேல் குனிந்தார். பந்து போன வழியாக ஒலுவிலிலிருந்து வந்த கோடு சாய்ந்தமருதுக்கும் கல்முனைக்கும் போய்வந்தது. நாள் தவறாமல் மத்தியானத்தில் ஒரு சந்துக்குள் புகுந்து ஒரு மணித்தியாலம் படுத்துக் கிடந்தது. மாமி அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இது ஒங்கட உம்மாட ஊடுதானே மருமகன்?"

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. மாமி கோபப்படவில்லை. அன்றிரவு கஞ்சி மட்டும் வரவில்லை.

பந்தை மாமாவே கொண்டுபோய்க் கடலில் விட்டார். மறுநாள் தொடக்கம் எனக்கு மாமியின் சோறு கடைக்கே வரத் தொடங்கியது, இன்றும் வருகிறது. டீவி செய்தியில் பல நாட்டுத் தலைவர்கள் வரிசையாக நின்று கைகுலுக்கினால், மாமி சத்தத்தைக் கூட்டிவிட்டு, வீட்டில் யார் இருந்தாலும் கூப்பிட்டுச் சொல்வார்:

"இவங்கெல்லாம் ஒண்டு சேந்துதான் என்ட மருமகன் எங்க சோறு தின்னுறாரெண்டு கண்டுபுடிச்சது."