ஜாப் ஒர்க்குக்குப் போன ஊசி

நவநீதன் தேவசகாயத்துக்குத் தர வேண்டிய பாக்கி இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். போன மழைக்காலத்தில் ஃப்ளூ காய்ச்சல் வந்து படுத்தபோது வாங்கியது. ரத்தப் பரிசோதனை, குளுக்கோஸ், மாத்திரை, ஆட்டோ எல்லாம் அதில் அடக்கம். காய்ச்சல் ஆறு நாளில் இறங்கிவிட்டது. கடன்தான் ஒரு வருஷமாக இறங்குவேனா என்று உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு ஷூ கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்ததும் கட்டிங் செக்‌ஷனிலிருந்து தேவசகாயம் நேராக அவனைத் தேடி வந்தார். நவநீதன் சட்டென்று ஒரு தையல் மிஷினுக்கு அடியில் குனிந்து, ஸ்குரூவைத் தேடுகிற மாதிரி தேடினான்.

"நிமிருடா. பாக்கி கேக்க வரல."

"பின்ன இன்னாண்ணா?"

"தள்ளிடலாம்னு வந்தேன். மொத்தத்தையும்."

நவநீதன் நிமிர்ந்த வேகத்தில் மிஷின் பலகை மண்டையில் இடித்தது. வலியைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

தேவசகாயம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைக் கழற்றி அவன் சட்டைப் பையில் செருகினார். "கேன்டீன் பக்கத்துல ஃப்ளூ தடுப்பூசி போடறாங்க இல்ல? இன்னிக்கு நாலு மணியோட சரி, மூட்டை கட்டிடுவாங்க. என் பேர்ல நீ போய்ப் போட்டுக்கோ. கடன் தீந்துது."

"உங்க ஊசியை நீங்களே போட்டுக்கினா இன்னாண்ணா?"

தேவசகாயம் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஊசின்னா பயம்டா. ஆனா வூட்ல சுந்தரி, ஊசி போட்ட சீட்டு இல்லாம வந்தா சோறு கெடையாதுன்னுட்டா. உனக்கு இன்னா? காலையிலேர்ந்து ஊசியிலதானே பொழைக்கிற?"

அது நிஜம்தான். ஸ்டிச்சிங் செக்‌ஷனில் அறுபத்து நாலு மிஷின்களுக்கும் அவன்தான் மெக்கானிக். ஒருமுறை தையல்காரப் பெண் ஒருத்தியின் கட்டைவிரல் நகத்தில் உடைந்து நின்ற ஊசியைக் குறடு போட்டு, கண் இமைக்காமல் உருவியவன். அதை ஹாலே பார்த்தது.

ஹால் பார்க்காதது வேறு ஒன்று. மருந்து ஏற்றிய ஊசியைக் கண்டால் அவனுக்கு முழங்கால் கழன்றுவிடும். போன வருஷம் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற வந்த நர்ஸைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அந்த நேரம் தேவசகாயம் டீ குடிக்க வெளியே போயிருந்தார் என்பது அவன் நம்பிக்கை. இந்த வருஷம் கம்பெனியில் கேம்ப் என்றதும், "எனக்கெதுக்கு, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லி, விருப்பமில்லை என்ற தாளில் முதல் கையெழுத்தைப் போட்டதும் அவன்தான்.

"சரிண்ணா," என்றது வாய். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது என்றால் வாய் சும்மா இருக்குமா?

வரிசையில் போய் நின்றான். முன்னால் எட்டுப் பேர். மேஜைக்குப் பின்னால் ஷர்மிளா சிஸ்டர் பஞ்சைத் தொட்டுக்கொண்டே பேசினார். "இந்தக் காய்ச்சல் கிருமி வருஷத்துக்கு வருஷம் வேஷம் மாத்தும். அதனாலதான் வருஷா வருஷம் புது ஊசி. கை லேசா வலிக்கும், அவ்ளோதான்." எட்டு ஐந்தாகி, ஐந்து இரண்டானபோது ஊசியின் முனை வெயிலில் மின்னியது. ஏதோ மிஷின் கூப்பிட்டதுபோல் நவநீதன் அவசரமாகத் திரும்பி நடந்தான்.

நடந்துகொண்டே யோசித்தான். லைனில் வேலை மிஞ்சினால் கம்பெனி என்ன செய்கிறது? ஷூவின் மேல்பாகமான அப்பரை ஜாப் ஒர்க்குக்கு வெளியே கொடுக்கிறது. வாங்கியவன் இன்னொருவனிடம் தள்ளுகிறான். அவன் வேறு யாரிடமோ. கடைசியில் ஷூ பெட்டிக்குள் போகிறது. எந்தக் கை தைத்தது என்று ஷூ சொல்லுமா?

லாஸ்டிங் செக்‌ஷன் புகழேந்தியைப் பிடித்தான். "ஒரு ஜாப் ஒர்க் இருக்கு. இந்தக் கார்டை எடுத்துக்கினு போய் ஒரு ஊசி."

"முந்நூறு. காசு முன்னாடி."

"ஒரு ஊசிக்கா?"

"அப்ப நீயே போட்டுக்கோ."

நவநீதன் பையில் இருபது ரூபாயும் ஒரு நூல் பாபினும்தான் இருந்தன. நேரே தேவசகாயத்திடம் போனான்.

"அண்ணா, ஒரு முந்நூறு இருக்குமா?"

"எதுக்குடா?"

"ஊசி போட்டா உடம்பு கொஞ்சம் கதகதன்னு இருக்குமாம். மாத்திரை வாங்கி வெச்சுக்கலாம்னு."

"முந்நூறு ரூபாய்க்கு மாத்திரையா? கடையே வெக்கப் போறியா?" கேட்டாரே தவிர, எடுத்துக் கொடுத்தார். பாக்கி இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது ஆனது.

காசும் கார்டும் புகழேந்தி கைக்குப் போயின. நவநீதன் நிம்மதியாக ஒரு மிஷினைப் பிரித்து, எண்ணெய் போட்டு, பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே மாட்டினான்.

மூன்றரை மணிக்குப் பேக்கிங் செக்‌ஷன் ரஃபி அகமது தோளில் கை போட்டார். "தோஸ்த், சும்மா நூறு ரூபா சம்பாதிக்கிறியா?"

"இன்னா பாய், இன்னா வேலை?"

"எவனோ ஒரு பயந்தாங்கொள்ளி, ஊசிக்குப் பயந்துகினு ஆள் வெச்சுப் போட்டுக்கிறானாம். புகழேந்தி எங்கிட்ட தள்ளிட்டான். நான் நேத்தே போட்டுக்கினேன். சிஸ்டருக்கு என் தாடி நல்லா ஞாபகம் இருக்கு. இந்த ஹால்ல போடாத ஆளு நீ ஒருத்தன்தான். உனக்கு ஊசியெல்லாம் ஒரு விஷயமா?"

சொல்லிக்கொண்டே கார்டை நீட்டினார். அதில் தேவசகாயம் பெரிய மீசையோடு அவனையே பார்த்துச் சிரித்தார்.

நவநீதன் கார்டைக் கவிழ்த்துப் பிடித்தான். "புகழேந்தி உங்களுக்கு எவ்ளோ குடுத்தான்?"

"இருநூறு."

"அவனுக்கு எவ்ளோ வந்துச்சாம்?"

"அதை நான் ஏன் கேக்கணும்? கமிஷன் இல்லாம நம்ம ஊர்ல எந்த வேலை கை மாறுது?"

திட்டலாம் என்றால் அந்தப் பயந்தாங்கொள்ளி தான்தான் என்று சொல்ல வேண்டி வரும். நவநீதன் தன் முந்நூறில் நூறைத் தானே கூலியாக வாங்கிப் பையில் வைத்தான். அவன் ஆயுசில் இப்படி ஒரு சம்பாத்தியம் பார்த்ததில்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம். மாஸ்க்கைக் கண்ணுக்குக் கீழே வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனான். வரிசை காலி. ஷர்மிளா சிஸ்டர் ஐஸ் பெட்டியை மூடப் போன கையை நிறுத்தினார்.

"பேரு?"

"தேவசகாயம்."

சிஸ்டர் கார்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "வயசு?"

"அம்பத்தி ஒண்ணு."

"ஒரு நரை இல்லையே?"

"டை சிஸ்டர்."

"இவ்ளோ பெரிய மீசை, மாஸ்க்குக்கு வெளியே தெரியலையே?"

"காலையிலதான் எடுத்தேன். வேர்க்குது."

"சுகர் இருக்கா?"

தேவசகாயத்துக்கு இருந்தது. "இருக்கு சிஸ்டர்," என்றான், சோகமாக.

சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "சரி. இப்ப உங்களுக்கு, நிஜமா உங்களுக்கு, காய்ச்சல் ஏதாவது இருக்கா? முன்னாடி எந்த ஊசிக்காவது உடம்பு தடிச்சு, மூச்சு முட்டியிருக்கா?"

"இல்ல. முழங்கால் மட்டும்..."

"முழங்காலுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

சிஸ்டர் அவன் சட்டைக் கையைச் சுருட்டினார். பஞ்சு சில்லென்று பட்டது. நவநீதன் கண்ணை இறுக்கி, மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு, இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பதிலிருந்து பின்னோக்கி எண்ண ஆரம்பித்தான்.

"மேஜையை வுடுங்கண்ணா. நான் எடுத்துக்கினு போவணும்."

"குத்திட்டு அப்புறம் எடுத்துக்கங்க."

"குத்தியாச்சு."

"எப்ப?"

"நீங்க அறுநூத்தி முப்பத்தி ஏழு சொல்லச்சே."

நவநீதன் ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு இன்னொன்றை. முழங்கால் இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன. எறும்பு கடித்த அளவுக்குக்கூட இல்லை. "இதுக்கா பாய் இவ்ளோ பேஜாரு!" என்று பக்கத்தில் இல்லாத ரஃபி அகமதிடம் சொல்லிக்கொண்டு, மாஸ்க்கை இறக்கி, நெஞ்சை நிமிர்த்தினான். கடன் தீர்ந்தது. இனி சீட்டை வாங்கிக்கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுக்க வேண்டியதுதான்.

சிஸ்டர் மேஜை இழுப்பறையிலிருந்து, ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்து முத்திரை குத்தி நீட்டினார். அதில், 'நவநீதன், மெக்கானிக், ஸ்டிச்சிங்' என்று இருந்தது. கட்டிங் செக்‌ஷனில் தேவசகாயம் தோலில் சைஸ் நம்பர் போடுகிற அதே சாய்ந்த எழுத்து.

"சிஸ்டர், பேர் மாறிப் போச்சு. நான் தேவசகாயம்."

ஷர்மிளா ஐஸ் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அவரு நேத்தே முதல் ஆளா வந்து போட்டுக்கினு போய்ட்டாருண்ணா. மத்தியானம் மறுபடி வந்து, 'என் கார்டோட ஒருத்தன் வருவான், மேஜைக்கு அடியில பூந்துக்கினா பொறுமையா கூப்புடுங்க சிஸ்டர், ரெண்டாயிரத்து அறுநூத்தி நாப்பதையும் தள்ளிட்டேன்னு சொல்லுங்க, இந்த மழைக்கும் அவன் காய்ச்சலுக்குக் கடன் குடுக்க என்னால ஆவாது'ன்னு சொல்லிட்டுப் போனாரு."