நிறுவல் சித்தரும் நாலாவது வரியும்

மூன்றாம் கணினிக்கூடத்தில் சித்தர் எழுந்தருளியிருந்தார். வரிசை கழிவறை வரை நீண்டிருந்தது. எல்லார் கையிலும் மடிக்கணினி. எல்லார் திரையிலும் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி.

நாங்கள் நிறுவ முயன்றது, பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள். யாரும் எடுத்துத் திருத்தலாம். ஆனால் முதலில் அதை நம் கணினியில் நிறுவி ஓட்ட வேண்டும். ஓடாது. சித்தர் தொட்டால் ஓடும்.

சித்தர் எங்கள் சீனியர்தான். மூன்று பாடங்களில் தோற்றபின் ஞானம் பெற்றவர். முறை எளிது: கணினியைச் சன்னல் பக்கம் திருப்பு. மூன்று முறை அணைத்துப் போடு. சார்ஜரைப் பிடுங்கு. ஒரு நிமிடம் எல்லாரும் கண்ணை மூடுங்கள். திறந்தால், ஓடும்! காசு தொடமாட்டார், உத்தமர். நீ செய்யும் திருத்தத்தில் அவர் பெயர் முதலில் வர வேண்டும், அவ்வளவே. இப்படி நாற்பது திருத்தங்களை, ஒன்றைக்கூடப் படிக்காமலே, எழுதிவிட்டார்.

எங்கள் வகுப்புக் கண்ணாடிக்காரியின் முறை வந்தது. பத்து ஐந்துக்குக் கிளம்பும் பேருந்தை அந்த மென்பொருள் 'பத்து ஐம்பது' என்று வாசித்ததால், பார்வையில்லாத அவள் அண்ணன் வேலைக்கான நேர்முகத்தைத் தவறவிட்டிருந்தான். பிழையைத் திருத்திவிட்டாள், ஓட்டிப் பார்த்து ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த வெளியீடு ஆறு மாதம் கழித்துத்தான். இப்போது மணி நாலேகால்.

"கண்ண மூடும்மா."

மூடினாள். கூடமே மூடியது. மென்பொருள் ஓடியது. கைதட்டல்.

"அண்ணா, டக் டக்னு என்னவோ தட்டுனீங்களே?"

"அது மந்திர ஒலி."

"எங்க வீட்ல கண்ண மூடினா காது நல்லா கேக்கும்ணா."

மேல் அம்புக்குறியை அழுத்தினாள். கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரை, கடைசியாகத் தட்டியதைத் திருப்பிக் காட்டும். காட்டியது: துணை மென்பொருளின் பதினெட்டாம் பதிப்பை நிறுவு. மென்பொருளோடு வந்த 'முதலில் படிக்கவும்' கோப்பைத் திறந்தாள். நாலாவது வரியில் அதே கட்டளை. கீழே, 'புதிய பதிப்பு போட்டால் ஓடாது.' நாங்கள் எல்லாரும் புதியதைத்தான் போட்டிருந்தோம். படித்தவர்கள் அல்லவா, படிக்கவில்லை.

"அந்த வரியில என் சக்தி இறங்கியிருக்கு," என்றார் சித்தர்.

"அப்ப நீங்க வெளிய நில்லுங்க. டேய் தூங்குமூஞ்சி, உன் கணினியக் கொண்டா. செவுத்தப் பாத்து வை. சார்ஜரும் இருக்கட்டும். எல்லாரும் கண்ணத் திறந்து வைங்க."

தூங்குமூஞ்சி அந்த வரியைத் தட்டினான். ஓடியது. சித்தர் நடைவாசலில் இல்லை; அவசரமாக முக்தி அடைந்திருந்தார்.

நாலு ஐம்பதுக்குத் திருத்தம் போனது, அவளுடைய ஒற்றைப் பெயரோடு.

மறுநாள் காலை கண்ணாடிக்காரியின் மேசை முன் வரிசை.

"அக்கா, நீங்க ஒரு தடவ தொட்டுக் குடுங்க."

"நாலாவது வரியப் படிங்கடா!"

"எந்தத் திசையப் பாத்து உக்காந்து படிக்கணும்க்கா?"

திரையைப் பார்த்து, அறிவாளிகளே. யாராவது கண்ணை மூடச் சொன்னால், முதலில் அவர் கையைப் பாருங்கள்.